'ரேர்லி' வந்தால் 'சம்' ஏன் 'எனி' ஆகிறது?

ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதும் இளைஞர் ஒருவர், ஆங்கிலத்தில் கடிதம் எழுதிப் பழக வேண்டும் என்று சில மாதங்கள் என்னிடம் வந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் கடையில் கூட்டம் இருக்காது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னேன். முதலில் "சம்ஒன் ரேர்லி கம்ஸ் டு அவர் ஷாப் ஆன் சண்டேஸ்" என்று எழுதினார். எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். முதல் சொல்லை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு, அதன் தலைக்கு மேல் 'எனிஒன்' என்று எழுதினார். அடித்த சொல்லும் பொருந்தவில்லை, மேலே எழுதிய சொல்லும் பொருந்தவில்லை. ஆனாலும் அவர் கை வைத்த இடம் மிகச் சரியான இடம். 'ரேர்லி' போன்ற ஒரு சொல் வாக்கியத்துக்குள் வந்துவிட்டால், அதே வாக்கியத்தில் இருக்கும், 'சம்', 'எனி' போன்ற அளவுச்சொல் தன் வடிவத்தையும் சில நேரம் தன் இடத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதை அவர் தாமாகவே உணர்ந்திருந்தார். அந்த மாற்றம் எப்படி, ஏன் நிகழ்கிறது என்பதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

ஒரு செயல் எத்தனை முறை நடக்கிறது என்பதைக் காட்டும் வினையடைகள் ஆங்கிலத்தில் பல உண்டு. அவற்றுள், குறைவாக நடப்பதைச் சொல்பவை என்று 'ரேர்லி', 'செல்டம்', 'ஹார்ட்லி எவர்', 'ஸ்கேர்ஸ்லி எவர்', 'அக்கேஷனலி' ஆகியவற்றைப் பள்ளிப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் அடுக்கிவிடுகின்றன. 'ஆல்வேஸ்' உச்சியில், 'நெவர்' அடியில், இடையில் மற்றவை. அந்த ஏணிப்படம் எத்தனை முறை என்பதைக் காட்ட உதவும். வாக்கியம் அமைக்க உதவாது. ஏனென்றால் 'அக்கேஷனலி'க்கும் 'ரேர்லி'க்கும் இடையில் ஒரு கோடு ஓடுகிறது. கோட்டுக்கு மேலே இருப்பவை உடன்பாட்டுச் சொற்கள். கீழே இருப்பவை, 'நாட்' என்ற சொல் வெளியே தெரியாவிட்டாலும், எதிர்மறைச் சொற்கள்.

மாதத்துக்கு ஒருமுறை மட்டும் இறைச்சி சாப்பிடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரைப் பற்றி "ஹீ அக்கேஷனலி ஈட்ஸ் சம் மீட்" என்றும் சொல்லலாம், "ஹீ ரேர்லி ஈட்ஸ் எனி மீட்" என்றும் சொல்லலாம். நடப்பு ஒன்றேதான். முதல் வாக்கியம் 'எப்போதாவது சாப்பிடுவார்' என்று உண்டு என்பதன் பக்கம் நிற்கிறது. இரண்டாவது 'சாப்பிடுவது அரிது' என்று இல்லை என்பதன் பக்கம் சாய்கிறது. எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கேற்ற அளவுச்சொல்லையே ஆங்கிலம் கேட்கிறது. "அக்கேஷனலி ஈட்ஸ் எனி மீட்" என்று ஆங்கிலம் பேசுவோர் சொல்வதில்லை. "ரேர்லி ஈட்ஸ் சம் மீட்" என்பதும் அவர்கள் காதில் இடறும்.

இந்த மறைந்த எதிர்மறையை வெளியே கொண்டுவரச் சில சோதனைகள் உண்டு. அமெரிக்க மொழியியலாளர் எட்வர்ட் க்ளைமா, ஆங்கில எதிர்மறையைப் பற்றி 1964-இல் வெளியான தம் கட்டுரையில் இப்படிப்பட்ட சோதனைகளைக் கையாண்டார். வாக்கியத்தின் முடிவில், தமிழில் 'இல்லையா?' என்று கேட்பதைப் போல, ஒரு சிறு கேள்வியைச் சேர்த்துப் பாருங்கள். உடன்பாட்டு வாக்கியத்துக்கு எதிர்மறைக் கேள்வி வரும்: "ஹீ அக்கேஷனலி ஈட்ஸ் மீட், டஸன்ட் ஹீ?" எதிர்மறை வாக்கியத்துக்கு உடன்பாட்டுக் கேள்வி வரும்: "ஹீ டஸன்ட் ஈட் மீட், டஸ் ஹீ?" இப்போது 'ரேர்லி'யை வைத்துப் பார்த்தால், "ஹீ ரேர்லி ஈட்ஸ் மீட், டஸ் ஹீ?" என்பதே இயல்பாக அமைகிறது. அதேபோல 'நானும் அப்படித்தான்' என்று ஒத்துச் சொல்ல வேண்டுமானால் "சோ டூ ஐ" பொருந்துவதில்லை. "நைதர் டூ ஐ" என்றுதான் சொல்ல வேண்டும். இந்தச் சொற்களை வாக்கியத்தின் முகப்பில் நிறுத்தினால், 'நெவர்' வந்தால் நடப்பதைப் போலவே துணைவினை எழுவாய்க்கு முன்னால் தாவிவிடுகிறது: "செல்டம் ஹேவ் ஐ சீன் எனி ஸ்னேக்ஸ் ஹியர்." 'சம்டைம்ஸ்' முகப்பில் வந்தால் இந்தத் தாவல் இல்லை.

ஆனால் எதிர்மறை என்றால் ஏன் 'எனி' வர வேண்டும்? இதற்கு எனக்குத் தெரிந்த விளக்கங்களில் மிக அழகானது, மொழியியலாளர் வில்லியம் லாடுசா 1979-ஆம் ஆண்டில் தம் முனைவர் பட்ட ஆய்வில் வளர்த்தெடுத்த விளக்கம். அதை எளிமையாக இப்படிச் சொல்லலாம். ஒருவர் எப்போதாவது கத்தரிக்காய் சாப்பிடுகிறார் என்றால், அவர் எப்போதாவது காய்கறி சாப்பிடுகிறார் என்பதும் உண்மை. அதாவது சிறிய வட்டத்திலிருந்து பெரிய வட்டத்துக்குப் போகலாம்; திரும்பி வர முடியாது, ஏனென்றால் எப்போதாவது காய்கறி சாப்பிடுபவர் கத்தரிக்காயைத் தொடாதவராகவும் இருக்கலாம். 'ரேர்லி' வந்தால் இந்தத் திசை தலைகீழாகிறது. ஒருவர் காய்கறி சாப்பிடுவதே அரிது என்றால், அவர் கத்தரிக்காய் சாப்பிடுவதும் அரிது என்பது தானாகவே கிடைத்துவிடுகிறது. பெரிய வட்டத்திலிருந்து சிறிய வட்டத்துக்கு இறங்குகிறோம். 'நாட்', 'நெவர்', 'வித்தவுட்' எல்லாம் இப்படி இறங்கும் திசையைத் தருபவை. அந்தத் திசை இருக்கும் இடங்களில் 'எனி' வாழ்கிறது. எந்த அளவாக இருந்தாலும், எந்த வகையாக இருந்தாலும், எவ்வளவு சிறிதாக இருந்தாலும் என்று வட்டத்தின் கடைசிப் புள்ளிவரை இறங்கிக் காட்டுவதுதான் அந்தச் சொல்லின் வேலை. ஒரு புதிய வினையடையைச் சந்திக்கும்போது அதன் பின் 'எனி' வருமா என்று ஐயம் எழுந்தால், காய்கறியையும் கத்தரிக்காயையும் வைத்து இந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிடலாம்.

தமிழ் பேசுபவருக்கு இந்த இடம் குறிப்பாக வழுக்குவதற்குத் தமிழிலேயே காரணம் இருக்கிறது. நம் மொழியிலும் இப்படிப்பட்ட ஒரு இணை உண்டு: 'யாரும்', 'யாராவது'. எதிர்மறை வினைக்கு 'யாரும்' வருகிறது: யாரும் வரவில்லை. வினாவுக்கும் நிபந்தனைக்கும் 'யாராவது' வருகிறது: யாராவது வந்தார்களா, யாராவது வந்தால் சொல். ஆனால் தமிழில் எதிர்மறை, வினைமுற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வினையடையின் மேல் இல்லை. 'அரிதாக' என்று சொன்னாலும் வினை 'வருவார்கள்' என்று உடன்பாட்டிலேயே இருப்பதால், "அரிதாகத்தான் யாராவது வருவார்கள்" என்றுதான் சொல்கிறோம். "அரிதாகத்தான் யாரும் வருவார்கள்" என்பது தமிழாகாது. ஆகவே உடன்பாட்டு வாக்கியத்தில் வரும் 'யாராவது' என்பதை நம் மனம் 'சம்ஒன்' என்று மொழிபெயர்க்கிறது. கடை இளைஞர் முதலில் எழுதியது, அவர் தாய்மொழியின் இலக்கணத்தை அப்படியே மதித்து எழுதிய வாக்கியம். ஆங்கிலத்தில் வினையை விட்டுவிட்டு வினையடையைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் அறியாதது.

'ரேர்லி'யோடு 'சம்' வரவே வராது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. வரும், வந்தால் பொருள் வேறு. "ஷீ ரேர்லி விசிட்ஸ் எனி ஆஃப் ஹர் ரிலேட்டிவ்ஸ்" என்றால், உறவினர் எவர் வீட்டுக்கும் அவள் அதிகம் போவதில்லை. "ஷீ ரேர்லி விசிட்ஸ் சம் ஆஃப் ஹர் ரிலேட்டிவ்ஸ்" என்றால், குறிப்பிட்ட சில உறவினர் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக்குத்தான் அவள் போவது அரிது; மற்றவர்கள் வீட்டுக்கு வாரந்தோறும் போகிறவளாகவும் இருக்கலாம். இங்கே 'சம்' என்ற சொல் 'ரேர்லி'யின் பிடிக்குள் அகப்படாமல் வெளியே நிற்கிறது. தமிழில் "சில உறவினர் வீடுகளுக்கு அவள் அரிதாகவே போவாள்" என்று 'சில' என்பதை முன்னால் கொண்டுவந்து இதே பொருளைத் தருகிறோம். கடை இளைஞர் அடித்துவிட்ட "சம்ஒன் ரேர்லி கம்ஸ்" என்ற வாக்கியத்திலும் இதுதான் நடந்திருந்தது. யாரோ ஒரு குறிப்பிட்ட ஆள் இருக்கிறார், அவர் வருவது அரிது என்று அதற்குப் பொருள் வந்துவிட்டது.

அவர் திருத்தி எழுதிய "எனிஒன் ரேர்லி கம்ஸ்" ஏன் பிழை? சொற்கள் சரி, வரிசை தவறு. 'எனி'யும் அதன் குடும்பமும் தம்மைத் தாங்கும் எதிர்மறைச் சொல்லுக்குப் பின்னால்தான் வர வேண்டும். "எனிஒன் டிட்ன்ட் கம்" என்று சொல்ல முடியாமல் "நோபடி கேம்" என்று சொல்ல வேண்டியிருப்பதும் இதே காரணத்தால்தான். எழுவாய் முதலில் வரும் ஆங்கில வாக்கியத்தில் 'எனிஒன்' எழுவாயாக இருந்தால், அதற்கு முன்னால் எதிர்மறை நிற்க இடமே இல்லாமல் போகிறது. அந்த இடத்தை உண்டாக்க வழிகள் இருக்கின்றன. 'ரேர்லி'யை முகப்புக்குக் கொண்டுவந்து "ரேர்லி டஸ் எனிஒன் கம்" என்று எழுதலாம். இது கொஞ்சம் கம்பீரமான நடை, பேச்சில் குறைவாகவே வரும். "தேர் இஸ் ரேர்லி எனிஒன் இன் தி ஷாப்" என்று 'தேர்' போட்டுத் தொடங்கலாம். அன்றாடப் பேச்சுக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. "ஹார்ட்லி எனிஒன் கம்ஸ்" என்றும் எழுதலாம். ஆனால் இந்தக் கடைசி வழியை எடுப்பதற்கு முன் ஒரு கணம் நிற்க வேண்டும், ஏனென்றால் அது சொல்வது வேறு.

ஓர் ஆண்டில் ஐம்பத்திரண்டு ஞாயிறுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடையில் நாற்பத்தெட்டு ஞாயிறுகள் ஒருவர்கூட வரவில்லை; மீதி நான்கு ஞாயிறுகளில், திருமண முகூர்த்தத்தை ஒட்டி, ஐம்பது அறுபது பேர் வந்தார்கள். இன்னொரு கடையில் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் இரண்டு பேர் வந்தார்கள். முதல் கடைக்கு "ரேர்லி டஸ் எனிஒன் கம்" பொருந்தும்: யாராவது வந்த நாட்கள் குறைவு. இரண்டாவது கடைக்கு "ஹார்ட்லி எனிஒன் கம்ஸ்" பொருந்தும்: வந்த ஆட்கள் குறைவு. 'ரேர்லி' வேளைகளை எண்ணுகிறது. 'ஹார்ட்லி எனி' ஆட்களையும் பொருட்களையும் எண்ணுகிறது. நான் அந்த இளைஞரிடம், ஞாயிற்றுக்கிழமை கடையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். காலையில் இரண்டு பேர், மாலையில் மூன்று பேர், ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் என்றார். அப்படியானால் அவருக்கு வேண்டிய சொல் தொடக்கத்திலிருந்தே 'ரேர்லி' இல்லை. "ஹார்ட்லி எனிஒன் கம்ஸ் டு அவர் ஷாப் ஆன் சண்டேஸ்" என்பதுதான் அவர் கடையின் ஞாயிற்றுக்கிழமை.

இந்த வேறுபாட்டுக்கு ஏற்பவே இரு சொற்களும் வாக்கியத்தில் இடம் பிடிக்கின்றன. 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி', 'பேர்லி' ஆகியவை 'எனி'யை நேரடியாக ஒட்டி நின்று அதன் அளவைக் குறைக்க வல்லவை: "ஐ ஹேவ் ஹார்ட்லி எனி டைம்." 'ரேர்லி'யும் 'செல்டமு'ம் வினையைச் சார்ந்தவை, அவற்றின் இடம் முதன்மை வினைக்கு முன்னால், அல்லது 'இஸ்', 'ஆர்' போன்றவற்றுக்குப் பின்னால்: "ஐ ரேர்லி ஹேவ் எனி டைம்." முன்னது, இப்போது என்னிடம் அநேகமாக நேரமே இல்லை என்கிறது. பின்னது, நேரம் கிடைக்கும் நாட்களே அரிது என்கிறது. இரண்டையும் கலந்து "ஐ ஹேவ் ரேர்லி எனி டைம்" என்று எழுதுவது நம் ஊர் விண்ணப்பக் கடிதங்களில் அடிக்கடி கண்ணில் படுகிறது. அதைத் தவிர்ப்பது நல்லது.

'ஹார்ட்லி' வேளைகளை எண்ண வேண்டுமானால் அதற்கு 'எவர்' என்ற துணை தேவைப்படுகிறது. 'எவர்' என்பது காலத்துக்கான 'எனி'. எந்த நேரத்திலும் என்று பொருள். ஆகவே 'ஹார்ட்லி எவர்' என்பது 'ஹார்ட்லி எனி'க்கு உடன்பிறப்பு. 'ரேர்லி'க்குள் காலம் ஏற்கெனவே இருப்பதால் அதற்கு 'எவர்' தேவையில்லை. பேச்சில் 'ரேர்லி எவர்' என்று பலர் சொல்கிறார்கள். கவனமாக எழுதுவோர் 'ரேர்லி' என்றோ, 'ரேர்லி, இஃப் எவர்' என்றோ எழுதுவார்கள். 'ஹார்ட்லி' என்ற சொல்லின் பிறப்பும் கவனிக்கத்தக்கது. கடினம் என்ற பொருளுள்ள 'ஹார்ட்' என்பதிலிருந்து அது வந்தது. 'சிரமப்பட்டு' என்பதிலிருந்து 'அநேகமாக இல்லை' என்பதற்கு நகர்ந்தது. தமிழில் 'அரிது' என்ற ஒரே சொல் செய்தற்குக் கடினமானதையும் காண்பதற்கு அபூர்வமானதையும் குறிப்பதை நினைத்தால், இந்த நகர்வு நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

'ஆல்மோஸ்ட்' என்ற சொல்லையும் இங்கேயே பிரித்து வைத்துவிட வேண்டும். அது எதிர்மறைச் சொல் அல்ல. கோட்டின் விளிம்புவரை போய் நிற்கும் சொல். ஆகவே அது 'நோ', 'நெவர்', 'ஆல்', 'எவ்ரி' போன்ற எல்லைச் சொற்களோடு சேர்கிறது. 'ஆல்மோஸ்ட் நோ மணி' என்பதும் 'ஹார்ட்லி எனி மணி' என்பதும் ஏறத்தாழ ஒன்றுதான்: பணம் இல்லை என்றே சொல்லலாம். இணையை மாற்றிப் போட்டால் வரும் தொல்லை பெரிது. 'ஹார்ட்லி நோ' என்பது எதிர்மறைக்கு மேல் எதிர்மறை. 'ஆல்மோஸ்ட் எனி ஷாப்' என்றால் 'ஏறக்குறைய எந்தக் கடையிலும்' என்று பொருள், அதாவது நாம் நினைத்ததற்கு நேர் எதிர்.

'எனி'யைத் தாண்டிய அளவுச்சொற்களில் 'மச்', 'மெனி' இரண்டும் 'ரேர்லி'யோடு மிக இணக்கமாகப் போகின்றன. "ஹீ டிரிங்ஸ் மச் காஃபி" என்று உடன்பாட்டில் சொன்னால் இன்றைய ஆங்கிலத்தில் அது செயற்கையாக ஒலிக்கும். "எ லாட் ஆஃப் காஃபி" என்றே சொல்வார்கள். ஆனால் "ஹீ ரேர்லி டிரிங்ஸ் மச் காஃபி" மிக இயல்பானது. தமிழில் 'அவ்வளவாக' என்ற சொல் எதிர்மறையைத் தேடிப் போவதைப் போன்றது இது.

'ஃபியூ', 'லிட்டில்' ஆகியவற்றில்தான் எச்சரிக்கை தேவை. முன்னால் 'எ' இல்லாத 'ஃபியூ' தானே ஓர் எதிர்மறைச் சொல். அதை 'ரேர்லி'யோடு சேர்த்து "ஷீ ரேர்லி மேக்ஸ் ஃபியூ மிஸ்டேக்ஸ்" என்று எழுதினால், அவள் குறைவாகப் பிழை செய்வது அரிது, அதாவது வழக்கமாக நிறையப் பிழை செய்கிறாள் என்று பொருள் திரும்பிவிடுகிறது. பாராட்ட நினைத்தவர் குறை சொன்னவராகிவிடுவார். பாராட்டு வேண்டுமானால் "ஷீ ரேர்லி மேக்ஸ் மெனி மிஸ்டேக்ஸ்", அல்லது "ஷீ ரேர்லி மேக்ஸ் எனி மிஸ்டேக்ஸ்". எண்களோடு வரும் ஒப்பீட்டிலும் இதே தலைகீழாக்கம் உண்டு. "தி கிளாஸ் ரேர்லி ஹேஸ் மோர் தன் ஃபார்ட்டி ஸ்டூடண்ட்ஸ்" என்றால் பெரும்பாலும் நாற்பதோ அதற்குக் குறைவோ. "ரேர்லி ஹேஸ் ஃபியூவர் தன் ஃபார்ட்டி" என்றால் பெரும்பாலும் நாற்பதோ அதற்கு மேலோ. ஒரு சொல் மாறினால் வகுப்பறை காலியாகவோ நெரிசலாகவோ மாறிவிடுகிறது.

'ஆல்', 'எவ்ரிஒன்' ஆகியவை வரும்போது வரிசையே பொருளைத் தீர்மானிக்கிறது. "ரேர்லி டூ ஆல் தி ஸ்டூடண்ட்ஸ் கம் ஆன் டைம்" என்றால், மாணவர் அத்தனை பேரும் நேரத்துக்கு வந்த நாள் அரிது. ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் தாமதமாக வந்தாலே இந்த வாக்கியம் உண்மையாகிவிடும். "ஆல் தி ஸ்டூடண்ட்ஸ் ரேர்லி கம் ஆன் டைம்" என்று எழுதினால், ஒவ்வொரு மாணவரும் தாமதமாக வரும் பழக்கமுடையவர் என்று முதலில் புரிந்துகொள்ளப்படும். பெற்றோருக்கு அனுப்பும் குறிப்பில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் வருத்தம்தான் மிஞ்சும்.

இதுவரை 'ரேர்லி' வேளைகளை எண்ணுகிறது என்று சொல்லிவந்தேன். தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் 1975-இல் வெளியான ஒரு கட்டுரையில், இந்த வினையடைகள் எப்போதும் காலத்தை எண்ணுவதில்லை, பல நேரம் பொருட்களையே எண்ணுகின்றன என்று காட்டினார். "இங்கிலிஷ் வேர்ட்ஸ் ரேர்லி எண்ட் இன் வி" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ஆங்கிலச் சொல் ஒன்று திங்கட்கிழமை 'வி' என்ற எழுத்தில் முடிந்து செவ்வாய்க்கிழமை வேறெழுத்தில் முடிவதில்லை. 'கிவ்', 'லவ்', 'ஹேவ்' என்று அந்த ஒலியில் முடியும் சொற்களுக்கெல்லாம் எழுத்தில் கடைசியாக ஓர் 'இ' சேர்க்கப்பட்டிருக்கிறது. அப்படிச் சேர்க்கப்படாமல் 'வி'யிலேயே முடியும் சொற்கள் மிகச் சில என்பதுதான் இங்கே செய்தி. ஆகவே இதே கருத்தை "ஃபியூ இங்கிலிஷ் வேர்ட்ஸ் எண்ட் இன் வி" என்றும் சொல்லலாம். இந்த இடத்தில் 'ரேர்லி'யும் 'ஃபியூ'வும் ஒரே வேலையைச் செய்வதால், ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம். அழுத்தம் கூடும் என்று நம்பி இரண்டையும் போட்டு "ஃபியூ இங்கிலிஷ் வேர்ட்ஸ் ரேர்லி எண்ட் இன் வி" என்று எழுதினால், அரிதாக அப்படி முடியும் சொற்கள் சிலவே என்றாகிப் பொருள் சிதைந்துவிடும்.

'நாட்' சேர்ப்பதிலும் இதே கவனம் வேண்டும். தமிழில் எதிர்மறை வினையில்தான் இருக்கும் என்ற பழக்கத்தால், "ஹீ டஸன்ட் ஹார்ட்லி ஈட் எனிதிங்" என்று நம்மில் பலர் வினையிலும் ஒரு மறுப்பைச் சேர்த்துவிடுகிறோம். ஆங்கிலம் பேசும் நாடுகளின் வட்டார வழக்குகளில் "கான்ட் ஹார்ட்லி" என்பது உண்டு. அது அந்த மக்களின் உயிருள்ள பேச்சு. ஆனால் பொது எழுத்து நடையில் எதிர்மறை ஒருமுறை வந்தால் போதும். 'ஹார்ட்லி' வந்துவிட்டதென்றால் வினை உடன்பாட்டிலேயே நிற்கட்டும்: "ஹீ ஹார்ட்லி ஈட்ஸ் எனிதிங்."